தாள் 63, கிழக்குப் பாதி

மற்றவர்களுக்கு மலை கிடைத்தது.
ராக்கிச் சரிவுகளில் சமஉயரக் கோடுகளை
நெருக்கி நெருக்கி இழைத்துவிட்டு
மதியம் கண்ணைக் கசக்கியபடி
பெருமை பேசினார்கள்.
எனக்குச் சதுப்பு.
சஸ்காட்செவன் ஆறு
போகும் ஊர் மறந்து
நூறாகப் பிரிந்து நிற்கிற இடம்.
தாள் முழுக்க ஒரே ஒரு உயரக்கோடு,
அதுவும் கட்டவிழ்ந்த மாடு மாதிரி
ஏரிக்கு ஏரி முகர்ந்துகொண்டு போனது.

ஒட்டாவா, ஐம்பத்து நாலு. மூன்றாம் மாடி.
சதுப்புக்குக் குறி:
படுத்த கோடு ஒன்று, அதன்மேல் நிற்கும் கீற்று மூன்று.
அதன் பெயர் புல்.
நீல மையில், நாளுக்கு நானூறு புல்.
ஒரு குளிர்காலம் முழுக்க நட்டேன்.
கால் நனையவில்லை.

விமானம் எடுத்த படங்கள் இரண்டிரண்டாக வரும்.
இரட்டைக் கண்ணாடியில் குனிந்தால்
மரம் எழுந்து நிற்கும், கரை எழும்,
தண்ணீர் மட்டும் எழாது.
நூற்றுப் பதினாலாம் படத்தில்
நடு ஆற்றில் ஒரு வெள்ளைக் கீறல்,
அதன் பின்னே விரியும் இரண்டு மயிரிழை.
படகு.
நகர்வதை வரையக் கூடாது, விதி, என்றார் டில்லி.
ஆறு நகர்கிறதே என்றேன்.
டில்லி சிரிக்கிற ஆள் இல்லை.

தாள் அச்சாகி மூன்று வருஷம் கழித்து
தோல் வியாபாரியின் ரசீதுக்குப் பின்புறம்
பென்சிலில் ஒரு கடிதம்.
மேலே, ‘புல் போட்டவருக்கு’ என்று.

ஐயா,
தாள் நல்ல தாள். மழைக்கும் கிழியவில்லை.
பின்பக்கம் சீட்டாட்டக் கணக்கு எழுதுகிறோம்.
வடக்கே பெயரில்லாமல் விட்டீர்களே ஒரு ஏரி,
அதற்குப் பெயர்
மாக்டலின் துடுப்பைத் தொலைத்த இடம்.
மாக்டலின் என் மனைவி.
அதை அச்சடிக்க வேண்டாம், கோபப்படுவாள்.
ஆனால் அதன் கீழ்க் கரையில்,
ஓடை வாயிலிருந்து இடப்பக்கம்
ஒன்பதாவது புல்
எங்கள் வீடு.
நாங்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று
அவள் கேட்கிறாள்.
இப்படிக்கு எலியாசார் செட்டீ,
கஸ்தூரி எலி பிடிப்பவன்.

படத்தை மறுபடி எடுத்துக் குனிந்தேன்.
வில்லோவின் நிழல் என்று நான் தள்ளியதற்கு
நான்கு மூலை இருந்தது.
அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார் டில்லி.
எல்லாரும் கோட்டு மாட்டிக்கொண்டு போனபின்
மூலத் தாளில் ஒன்பதாவது புல்லைச்
சவர பிளேடால் சுரண்டினேன்.
மூச்சை அடக்கி,
கசகசாவில் பாதி,
ஒரு கறுப்புச் சதுரம் வைத்தேன்.
அந்த வாரம் நான் வேறெதையும் ஒழுங்காக வரையவில்லை.

அடுத்த பதிப்பு வரப் பத்து வருஷமானது.
அதற்குள் புல்லை யாரும் நடுவதில்லை;
ஒட்டும் படலம் வந்துவிட்டது,
கத்தரித்துப் பதித்தால் சதுப்பு.
சதுரம் தப்பியிருந்தது.
ஒரு பிரதி அனுப்பினேன்,
குட்ரூன் தோர்லக்சன் என்று கையெழுத்திட்டு.

பதில் வந்தது. இம்முறை அம்மணி.

வீடு சரி. மாக்டலின் அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள்,
விரல் ஏரியையும் சேர்த்து மறைத்துவிட்டது.
இப்போது ஆறுதான் சரியில்லை.
மேலே அணை கட்டிவிட்டார்கள்.
நகரத்தில் சாயங்காலம் அடுப்பு போட்டால்
இங்கே தண்ணீர் ஏறுகிறது.
அவர்கள் தூங்கினால் இறங்குகிறது.
ஞாயிற்றுக்கிழமை படகு சேற்றில் உட்கார்ந்துவிடும்.
எலிகள் வளைக்கு எந்த மட்டத்தில் வாசல் வைப்பது என்று
தெரியாமல் விழிக்கின்றன.
இதற்கு உங்களிடம் ஏதாவது குறி உண்டா?

குறிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
பருவத்தில் வற்றும் ஓடைக்கு, விட்டுவிட்டு ஒரு கோடு.
வெள்ளம் பாயும் நிலத்துக்கு, சாய்ந்த கோடுகள்.
மூழ்கிய பாறைக்குக்கூட ஒரு கூட்டல் குறி.

வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு நறுக்கினேன்.
என் அடுப்பு வேறொரு ஆற்றில் எரிவது,
அதன் தாள் எண்கூட எனக்குத் தெரியும்.
ஆனாலும் திருகைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.
பிறகு பசித்தது.
திருப்பினேன்.